எழுத்தை மீட்ட தூவல்

 

ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயிலாத ஒருவர் எழுத்துக்கலைக்கே ஆசானான வரலாற்றைச் சொல்ல வந்துள்ளேன். அவர் பெயர் எட்வர்டு சான்சுடன். 1872-இல் உருகுவே நாட்டில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயிலத் தொடங்கி, உடல்நலிவால் இடையிலேயே விட்டவர்.

1898-இல் இலண்டன் வந்த அவருடைய எழுத்துப்பணியைக் கண்ட கட்டடக்கலைஞர் இலெதபி, தாம் நெறிப்படுத்திய கலைத்தொழிற் பள்ளியில் எழுத்துக்கலை கற்பிக்குமாறு பணித்தார். கற்பிக்க வேண்டியவருக்கோ கற்பித்தவர் எவருமிலர்! பிரித்தானிய அருங்காட்சியகத்துப் பழஞ்சுவடிகளே அவருக்கு ஆசிரியராயின. எச்சுவடிகளைக் காணவேண்டும் என வழிகாட்டியவர் சிட்னி காக்கரல்.

அந்நாளையோர் பழைய எழுத்தைப் போற்றாமலில்லை. ஆனால் எவ்வாறு போற்றினர்? கூர்முனையால் புறக்கோடு வரைந்து, உள்ளே மையை நிரப்பினர். உருவம் கிடைத்தது; உயிர் கிடைக்கவில்லை. சான்சுடனோ வேறொரு வினாவை எழுப்பினார்: இதனை எழுதிய கை எக்கருவியைப் பிடித்திருந்தது? முனையைப் பட்டையாக வெட்டிய இறகுத் தூவல் என்பதே விடை. அதனை ஒரே சாய்வில் பிடித்து இழுத்தால் தடிப்பும் மெலிவும் தாமே தோன்றும். வரைந்து நிரப்ப வேண்டுவதில்லை. எழுத்தைப் படியெடுத்தவர் பலர். எழுதும் முறையையே மீட்டவர் இவர். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பெற்ற இராம்சித் திருப்பாடற் சுவடியை அடியொற்றித் தம் மாணாக்கர்க்கு அடிப்படைக் கையெழுத்தொன்றை வகுத்தார்.

1899-இல் வகுப்புத் தொடங்கியது. 1906-இல் அவர்தம் பெருநூல் வெளிவந்தது. 1910-இல் அவர் மாணவியாகிய ஆன்னா சைமன்சு அதனைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். தனியொருவர் சுவடிமுன் அமர்ந்து கற்றது, நாடு கடந்தது.

பழமையில் தோய்ந்தவர் புதுமைக்கு ஆகார் என்பாருளர். அவர்கள் இதற்கு என்ன சொல்வர்? இலண்டன் நிலக்கீழ்த் தொடர்வண்டிக்குப் புதிய எழுத்து வேண்டுமெனப் பிராங்கு பிக்கு கேட்டபோது, அதனை வகுத்துத் தந்தவர் இதே சான்சுடன்தான்! 1916-இல் அது பயனுக்கு வந்தது. முனைகளில் கொடுக்கோ அணியோ இல்லை, எத்தகைய எளிமை! பெரிய ‘ஓ’ முழுவட்டம். பெரிய எழுத்துகளின் அளவுப் பொருத்தமோ பழைய உரோமக் கல்வெட்டிலிருந்து பெற்றது.

அவர் மாணாக்கர் எரிக்கு கில், ஆசானின் வழிநின்று ஆக்கிய அச்செழுத்து 1928-இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. மாணாக்கரை அறிந்த அளவிற்கு உலகம் ஆசானை அறியவில்லை என்பதே என் வருத்தம். 1944-இல் சான்சுடன் மறைந்தார்.

அவ்வெழுத்து 1979-இலும் 2016-இலும் திருத்தம் பெற்று, இன்றும் இலண்டன் நிலையப் பலகைகளில் நிற்கிறது. அங்குள்ள சிறிய ‘ஐ’ எழுத்தின் புள்ளியை உற்றுநோக்குங்கள். அது வட்டமன்று, மூலையில் நிற்கும் சதுரம். பட்டைமுனைத் தூவலைச் சாய்த்து ஒருமுறை ஒற்றினால் தாளில் விழும் வடிவம் அது.