சவரக் கத்தியின் கழுத்தெழுத்து

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில், பாட்டனார் காலத்துப் பெட்டியுள் துருவேறிய மடக்குச் சவரக் கத்தி ஒன்று அகப்படுதல் கூடும். ‘கும்பினி காலத்தது’ என்று யாரேனும் விலை பேசவும் கூடும். மாணவ நண்பர்களே, அதனைச் செங்கற்பொடியால் தேய்த்துவிடாதீர்கள்; அதன் வயதுக்குரிய சாட்சி துருவின் கீழ் உறங்குகிறது.

அலகு தீட்டத் தீட்டத் தேயும். கைப்பிடி உடைந்தால் புதியது பூட்டுவர். இரண்டிற்கும் இடைப்பட்ட கழுத்தே பெரும்பாலும் மாறாதது. செய்தவர் பெயரும் ஊரும் அங்கேதான் பொறிக்கப்படும். சிறிது எண்ணெய் தடவி, துணியால் மெல்ல ஒற்றி, சாய்ந்த ஒளியில் நோக்குங்கள்.

மகுடத்தோடு ‘வி’, ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்துக்கள் தோன்றினால், விக்டோரியா அரசியின் காலம் எனலாம். அதுவோ 1837 முதல் 1901 வரை நீண்டது! ‘டபிள்யூ’, ‘ஆர்’ எனில் நான்காம் வில்லியம் ஆண்ட 1830–1837 என்னும் குறுகிய காலம், நமக்கு நல்வாய்ப்பே.

ஷெபீல்டு என்ற ஊர்ப்பெயரை மட்டும் நம்புவதற்கில்லை. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகளும் அப்பெயர் தாங்கி விற்கப்பட்டதுண்டு. அத்தகைய மோசடியைத் தடுக்க பிரிட்டனில் 1887-இலும், அதனையொட்டி இந்தியாவில் 1889-இலும் வாணிகக் குறிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆகவே, ‘ஜெர்மனி’ என நாட்டின் பெயரும் பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. எத்தனை ஆண்டு பிற்பட்டது என்பதை அச்சொல் கூறாது. ஒரே முத்திரையைப் பல தலைமுறை கையாண்ட பட்டறைகள் உண்டு.