பழியை யார் தலையில் போடுகிறார்கள்?

(படம் பார்த்த மறுநாள் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நேற்றிரவு நாமெல்லோரும் சேர்ந்து ஒரு யுத்தப் படம் பார்த்தோம். பேச்சு இங்கிலீஷில் இருந்ததால் சில இடங்கள் பலருக்குப் பிடிபட்டிருக்காது. ஆனாலும் படம் முடிந்த பிறகு எழுந்து போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. காரணம் என்ன? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

படத்தின் பெயர் ‘பாத்ஸ் ஆப் குளோரி’. ‘புகழின் பாதைகள்’ என்று அர்த்தம். ஸ்டான்லி குப்ரிக் என்ற அமெரிக்க டைரக்டர் 1957-ல் எடுத்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கதை 1916-ல், முதல் உலக யுத்தத்தில், பிரெஞ்சு முனையில் நடக்கிறது.

ஜெர்மானியர் கையிலிருக்கும் ஒரு குன்றைப் பிடிக்க வேண்டும் என்று மேலிடத்து ஜெனரல் வந்து கேட்கிறார். “என் பட்டாளம் களைத்துக் கிடக்கிறது, முடியாது” என்கிறார் கீழுள்ள ஜெனரல். பதவி உயர்வு என்ற பேச்சு காதில் விழுகிறது. உடனே “முடியும்” என்கிறார்! பிறகு கணக்குப் போடுகிறார்: நம் பீரங்கிக் குண்டிலேயே நூற்றுக்கு 5 பேர் சாவார்கள், வெட்டவெளியில் 10 பேர், முள்கம்பி வேலியில் 20 பேர், குன்றில் ஏறும்போது 25 பேர். கூட்டிப் பாருங்கள், நூற்றுக்கு 60 உயிர்! இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நடுக்கம் உண்டா? இல்லை.

தாக்குதல் தோற்கிறது. குண்டு மழையில் ஒரு பகுதிப் படை குழியைவிட்டு வெளியே வரவே முடியவில்லை. சொந்தச் சிப்பாய்கள்மீதே பீரங்கியால் சுடும்படி ஜெனரல் உத்தரவிடுகிறார். “எழுத்தில் கொடுங்கள்” என்று பீரங்கி அதிகாரி மறுத்துவிடுகிறார். பிறகு என்ன? தோல்விக்கு யாராவது பலியாக வேண்டுமே! எத்தனை பேரைச் சுடுவது என்று பேரம் நடக்கிறது. மூன்று பேரில் முடிகிறது. ஒருவன் தன் மேலதிகாரியின் கோழைத்தனத்தைக் கண்ணால் கண்டவன். இன்னொருவன் சீட்டுக் குலுக்கியதில் அகப்பட்டவன். மூன்றாமவன் யாருக்கும் வேண்டாதவன். விசாரணை எங்கே நடக்கிறது? சலவைக்கல் தரை பளபளக்கும் மாளிகையில். குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை, நடந்ததை எழுதிக்கொள்ள ஆளும் இல்லை. மண்டை உடைந்து நினைவிழந்தவனை ஸ்ட்ரெச்சரோடு தூக்கிவந்து, கன்னத்தைக் கிள்ளி விழிக்கவைத்துச் சுடுகிறார்கள். முந்தின இரவு அதே மாளிகையில் பிரபுக்களின் நடன விருந்து!

சிப்பாய்களுக்காக வாதாடிய கர்னல் டாக்ஸ் பீரங்கி உத்தரவை அம்பலப்படுத்துகிறார். மூவரும் சாகிறார்கள். உத்தரவிட்ட ஜெனரலின் பதவியை டாக்ஸுக்கே தருவதாக மேலிடம் ஆசை காட்டுகிறது. அவர் அதைக் காறித் துப்பாத குறையாக மறுக்கிறார்.

இது வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள், தோழர்களே! படத்துக்கு மூலம் ஹம்ப்ரி காப் 1935-ல் எழுதிய நாவல். அந்த நாவலுக்குப் பின்னால் உண்மைச் சம்பவம் இருக்கிறது. பிரான்சில் சூவான் கிராமத்தருகே, 1915 மார்ச் 17-ல் நான்கு கார்ப்பொரல்களை அவர்கள் ராணுவமே சுட்டுக் கொன்றது. அங்கும் சொந்தப் பதுங்குகுழிமீது சுடச் சொன்னார் ஜெனரல். அங்கும் எழுத்தில் கேட்டு மறுத்தார் பீரங்கி அதிகாரி. நால்வரில் ஒருவர் தியோபில் மோப்பா, பள்ளி ஆசிரியர். அவருடைய மனைவி பிளான்ஷ் மோப்பாவும் ஆசிரியைதான். புருஷன்மீது விழுந்த கோழை என்ற பட்டத்தை அவர் ஏற்கவில்லை. மனு எழுதினார், கூட்டம் சேர்த்தார், மனித உரிமைச் சங்கத்தார் துணை நின்றனர். கோர்ட்டு தள்ளியது, மறுபடியும் போனார். 1934-ல், 19 வருஷம் கழித்து, நால்வரும் நிரபராதிகள் என்று தீர்ப்பு வந்தது.

படத்திலே ஒரு நல்ல கர்னல் தனியாக வாதாடித் தோற்றார். வாழ்க்கையிலே ஒரு விதவை பலரைத் திரட்டி ஜெயித்தார். படத்தைப் பார்த்தவர்கள் இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உயிர் திரும்பவில்லை, உண்மை திரும்பியது. அந்த உண்மை எவ்வளவு சுட்டது தெரியுமா? பிரான்சில் இந்தப் படம் 1975 வரை திரைக்கு வரவில்லை!

கடைசிக் காட்சியை மறக்காதீர்கள். பிடிபட்ட ஜெர்மன் பெண்ணைப் பாடச் சொல்லிச் சிப்பாய்கள் கூச்சல் போடுகிறார்கள். அவள் அழுதுகொண்டே பாடுகிறாள். பாஷை புரியவில்லை. ஆனாலும் கூச்சல் அடங்கி, எல்லோரும் கண்ணீரோடு கூடவே முணுமுணுக்கிறார்கள். எதிரி என்று சொல்லிக் கொடுத்தவர்கள் மாளிகையில் இருந்தார்கள். நேற்று நாமும் பாஷை தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தோம், தோழர்களே. நமக்கும் புரிந்துவிட்டது.