பென்சில் சீவ ஒரு மெஷின்

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் ராக்கெட், சூரிய மின்சாரம் என்று பெரிய விஷயங்களைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் பேசப் போவது பென்சில் சீவுகிற மெஷினைப் பற்றி. சிரிக்காதீங்க. நம் செட்டுப் பணம் மூன்று தடவை அதில் போயிருக்கிறது. வாங்கினவன் நான். கணக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

1976ல் இங்கிருந்து வெளியே போனவன் நான். 1964ல் தொடங்கின இந்தக் கல்லூரி அப்போது ஆர்.இ.சி.; 2003ல்தான் என்.ஐ.டி. ஆனது. முதல் வருஷத்து டிராயிங் ஹால் ஞாபகம் இருக்கிறதா? உயரமான மேஜை, டி-ஸ்கொயர், கையில் பாதி பிளேடு, பக்கத்தில் ஒரு துண்டு உப்புத்தாள். கோடு போடுகிற பென்சிலுக்கு உளி மாதிரி தட்டை முனை, எழுத்துக்கும் அம்புக்குறிக்கும் கூம்பு முனை. முனை சரியில்லை என்றால் ஷீட்டைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஷார்ப்னர் கொண்டுவந்தவனை "எல்.கே.ஜி." என்று கூப்பிட்டோம். அதே ஆட்கள்தான் ஐம்பது வருஷம் கழித்து ஷார்ப்னர் வாங்கப் போய் மூக்குடைபட்டோம்.

துவாக்குடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம். நம் செட்டு சார்பில் ஏதாவது செய்யலாம் என்று நாலு பேர் போனோம். கம்ப்யூட்டர் கேட்பார்கள், டி.வி. கேட்பார்கள் என்று எதிர்பார்த்துப் பட்ஜெட்கூடப் போட்டுவிட்டோம். தலைமையாசிரியை அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பென்சில் சீவ நல்லதா, உழைக்கிறதா ஏதாவது வாங்கிக் குடுங்க சார். அதுலயே என் பாதி பீரியடு போயிடுது" என்றார்கள்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பயிற்சி நூலில் எழுதுகிற வேலை நிறைய. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு குரல்: "டீச்சர், முனை உடைஞ்சிடுச்சு." நாற்பது பிள்ளைகள். ஆளுக்கு நாளைக்கு மூன்று தடவை என்றால் 120. பள்ளி நடக்கிற நாள் 200 என்று வையுங்கள். ஒரு வகுப்புக்கு வருஷத்துக்கு 24,000 தடவை. டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்தவன் நான். 24,000 உருப்படி வெட்ட வேண்டும் என்றால் என்ன கட்டர், எத்தனை கட்டர், எப்போது மாற்றுவது என்று உட்கார்ந்து திட்டம் போடுவோம். இங்கே ஒரு ரூபாய் ரெண்டு ரூபாய் சாமான்தானே என்று யாரும் யோசிப்பதில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

முதல் தடவை நடந்தது இது. அமெரிக்காவிலிருந்து வந்த நம் செட்டு நண்பர், "நான் பாத்துக்கறேன்டா" என்று அங்கிருந்தே நாலு மின்சார ஷார்ப்னர் வாங்கி வந்தார். பார்க்க அழகு. ஒரு பலகையில் பொருத்தி, கீழே நம் செட்டு பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, மாலை எல்லாம் போட்டுக் கொடுத்தோம். தலைமையாசிரியை சுவிட்சைப் போட்டார்கள். ஒரு சத்தம், ஒரு வாசனை, கொஞ்சம் புகை. 110 வோல்ட் மெஷின்! நம் ஊரில் 230. மேடையில் நின்றவர்களில் மூன்று பேர் எலக்ட்ரிக்கல் பிரிவு, அதில் ஒருவர் முதல் வகுப்பு. பெயர் சொல்லமாட்டேன், இந்த ஹாலில்தான் இருக்கிறார்.

மிச்சம் மூன்றுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம், அது மெஷினைவிடப் பெரிசு. ஓடியது. ஆனால் மேஜை மேல் வைத்து நாளைக்கு நாலு பென்சில் சீவுகிற ஆபீசுக்குச் செய்த சின்ன மோட்டார் அது. நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்றால் சூடேறி, தானாகவே நின்றுவிடும். ஆறின பிறகுதான் மறுபடி ஓடும். வகுப்பில் இருந்தது ஒரே பிளக் பாயின்ட். ரெண்டு மாசத்தில் மூன்றும் பீரோவுக்குள் போய்விட்டன. தகடு மட்டும் சுவரில் பளபளவென்று இருந்தது.

இரண்டாவது தடவை ரோஷத்தில் செய்தது. ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் வரிசையே வேண்டாமே என்று பெரிய கடை வீதியில் மொத்தக் கடையில் முந்நூறு பிளாஸ்டிக் ஷார்ப்னர் வாங்கினேன். விலை பேசி, குறைத்து, பெருமையோடு வந்தேன். முதல் வாரம் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பென்சில் துருவலைக் கஞ்சியில் ஊறப்போட்டால் ரப்பராகும் என்று நாம் நம்பினோமே, இந்தப் பிள்ளைகளும் நம்புகிறார்கள். ஒரு பையன் டப்பாவில் ஊறவே போட்டிருந்தான்.

அந்தச் சின்ன ஷார்ப்னரில் என்ன இருக்கிறது? ஒரு கூம்புத் துளை, அதன் பக்கத்தில் சாய்வாக ஒரு கார்பன் ஸ்டீல் பிளேடு, ஒரு திருகு. மலிவான உருப்படியில் திருகு நேரே பிளாஸ்டிக்கில் ஏறுகிறது. பத்து நாளில் புரி தேய்ந்து பிளேடு ஆடும். ஆடினால் மரத்தைச் சீவாது, கடிக்கும். முனை உள்ளேயே முறிந்து சிக்கிக்கொள்ளும். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? காம்பஸ் முனையை விட்டுக் குடைவார்கள், திருகைக் கழற்றுவார்கள். பிளேடு தனியாகக் கையில் வரும்.

ஒரு நாள் தலைமையாசிரியை போன் செய்தார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கழன்ற பிளேடை விரலில் பிடித்துப் பென்சில் சீவியிருக்கிறாள். ஆள்காட்டி விரல் நுனி ஆழமாக வெட்டிவிட்டது. டீச்சரிடம் சொல்லாமல் பாவாடையில் சுற்றி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துப் பெண் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று தையல். நான் போய்ப் பார்த்தேன். "ஏம்மா சொல்லல?" என்றேன். "சொன்னா ஷார்ப்னரப் புடுங்கிடுவாங்க சார்" என்றாள். அவளுக்கு அது சொந்தமாகக் கிடைத்த சாமான். அதைக் கொடுத்தவன் நான். கடைக்காரரிடம் விலையைக் குறைத்தபோது, எதைக் குறைக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிளேடும் திருகும் என் தொழில்.

அன்றைக்குத்தான் ஒழுங்காக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில், பென்சிலைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் குச்சி கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. பிரான்சில் கோந்தே 1795ல் கண்ட முறை, இன்றும் அதுதான். கிராஃபைட் வழுக்கும், ஆனால் சுட்ட களிமண் பீங்கான் மாதிரி, பிளேடின் கூரை அறுப்பது அதுதான். எச் வகைப் பென்சிலில் களிமண் அதிகம் என்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். பிள்ளைகளுக்கு எச்.பி. போதும். அப்புறம், குச்சி நடுவில் இருக்கிறதா என்று முனையை நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் எந்த ஷார்ப்னர் போட்டாலும் ஒரு பக்கம் மரம் ஒட்டிக்கொண்டே வரும். நாலு தடவை சிமென்ட் தரையில் விழுந்த பென்சிலுக்குள் குச்சி துண்டு துண்டாக இருக்கும். சீவச் சீவ விழும். நாங்கள் ஷார்ப்னரைத் திட்டினதில் கொஞ்சம் பென்சிலுக்குச் சேர வேண்டியது.

ஷார்ப்னரின் சரித்திரத்தைப் படித்தபோது ஒரு விஷயம் சந்தோஷமாக இருந்தது. 1828ல் பிரான்சில் பெர்னார் லாசிமோன் என்ற கணித ஆள்தான் முதலில் காப்புரிமை வாங்கியவர். அவருடையது சீவுகிற கருவி இல்லை, சின்ன அரங்களைக் கட்டையில் பதித்து, அதில் பென்சிலைத் தேய்ப்பது. நம் உப்புத்தாள் கதைதான்! 1897ல் அமெரிக்காவில் ஜான் லீ லவ் என்கிற கறுப்பினத் தச்சர், கைப்பிடி சுற்றும் சின்ன ஷார்ப்னருக்குக் காப்புரிமை பெற்றார். மரவேலை செய்கிறவன் கைக்கு அந்தத் தேவை தெரிந்திருக்கிறது.

கைப்பிடி சுற்றுகிற மேஜை மெஷின்தான் வகுப்புக்குச் சரி என்று முடிவுக்கு வந்தேன். மெக்கானிக்கல்காரர்களுக்கு ஒரு நிமிஷம். உள்ளே இருப்பது பிளேடு இல்லை, முறுக்குப் பல் வெட்டின உருளை, நம் மில்லிங் கட்டரின் தம்பி. பல்சக்கர வளையத்துக்குள் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு பென்சிலையும் சுற்றி வரும், கிரகம் மாதிரி. ஒரு உருளை இருந்தால் ஒரு பக்கமே அழுத்தும். எதிரெதிராக இரண்டு இருந்தால் அழுத்தம் சமமாகி முனை முறிவது குறையும். வெட்டுகிற பல் நிறைய இருப்பதால் ஒற்றை பிளேடைவிடப் பல மடங்கு உழைக்கும். விரல் நுழைய இடமில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

கடையில் மூன்று மாடல்களைத் திறந்து காட்டச் சொன்னேன். கடைக்காரர் முறைத்தார். "பென்சில் சீவறதுக்கு எஞ்சினியரு எதுக்கு சார்?" என்றார். கைப்பிடித் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். ஒன்று லொடலொட என்று ஆடியது, அது அப்போதே கழிந்தது. இன்னொன்றில் பல்சக்கரம் பிளாஸ்டிக். மூன்றாவதில் சக்கரமும் உருளையும் இரும்பு, உருளை தனியாகக் கழன்று வருகிறது. "இது மட்டும் தனியாக் கிடைக்குமா?" என்றேன். வரவழைத்துத் தருகிறேன் என்றார். ரெண்டு மெஷினும், கூடவே ரெண்டு உபரி உருளையும் பணம் கட்டி வாங்கிக்கொண்டேன். விலை நம் பழைய மின்சார மெஷினில் பாதிகூட இல்லை.

மேஜையில் ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் மாடல் வேண்டாம், சொரசொரப்பான மேஜையில் நிற்காது. துவாக்குடி தொழிற்பேட்டையில் தெரிந்த ஒரு பட்டறையில் ஆங்கிள் இரும்பில் ஸ்டாண்டு அடித்து, போல்ட் போட்டு, ஸ்பிரிங் வாஷரும் வைத்து முடுக்கினோம். உயரம் என் இடுப்பளவு வைத்துவிட்டேன்! ஒண்ணாம் வகுப்புப் பையன் எம்பி எம்பிக் குதித்தான். மறுபடி அறுத்து, ஒட்ட வைத்தோம்.

ஆசிரியைகளின் மேஜைக்கு மட்டும் பத்துச் சின்ன உலோக ஷார்ப்னர். அதில் மெக்னீசியக் கலவை உடம்பு உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். திருகு உலோகப் புரியில் உட்காருகிறது, பிளேடு மாற்றலாம். இன்னொன்று, மெக்னீசியம் தான் அரிக்கப்பட்டு, இரும்பு பிளேடைத் துருவிலிருந்து காக்கும். கெமிக்கல் பிரிவு நண்பர் நம்பாமல் ஒன்றை உப்புத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்த்தார். குமிழ் குமிழாக ஹைட்ரஜன் வந்து, உடம்பு கரைந்து, பிளேடு மட்டும் மிஞ்சியது. "ஒரு ஷார்ப்னர் தண்டம்டா" என்று அவர் வீட்டம்மா சொன்னார்களாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்றாம் வாரமே ஒரு மெஷின் இறுகிவிட்டது. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற கலர் பென்சிலைப் போட்டுச் சுற்றியிருக்கிறார்கள். அதன் மெழுகு பல் இடுக்கில் அப்பிக்கொள்ளும். பழைய பல் பிரஷால் தேய்த்து, ஒரு சாதாரணப் பென்சிலைச் சீவினால் மீதியும் வந்துவிடுகிறது. சும்மா வேடிக்கைக்காகச் சுற்றி முழுப் பென்சிலை அரைப் பென்சிலாக்கின பையன்களும் உண்டு. கை லேசாகிவிட்டால் முனை வந்துவிட்டது, நிறுத்து என்று சொல்லிக்கொடுத்தோம். முனையும் ஊசி மாதிரி நீளமாக வராமல் குட்டையாக வைத்திருக்கிறோம். சின்னப் பிள்ளைகள் அழுத்தி எழுதுவார்கள்.

இரண்டு வருஷமாகிறது. ஒரு கைப்பிடியின் உருண்டை கழன்று போய் மரத்தில் கடைந்து போட்டோம். ஒரு உருளை மாற்றியாயிற்று. போன மாசம் போயிருந்தேன். விரலில் தையல் போட்ட பெண் இப்போது ஐந்தாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை தட்டைக் காலி செய்து பிரஷ் போடுவது அவள் வேலை. நான் சும்மா ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து மெஷின் பக்கம் கொண்டு போனேன். "சார்! அத அதுல போடாதீங்க, டீச்சர் மேசைல இருக்கற சின்னதுல சீவுங்க" என்று கையைத் தட்டிவிட்டாள். தழும்பு தெரிந்தது.

தலைமையாசிரியை அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார்கள். ஒரு உபரி உருளைதான் பாக்கி. இன்னும் நாலு வாங்கி வைக்க வேண்டும். அமெரிக்க நண்பர் மறுபடி தானே வாங்கி வருவதாகச் சொல்கிறார். பணமாகக் கொடுத்தால் போதும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். பித்தளைத் தகட்டைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன், வேண்டியவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம்.