கடைமடைக்கும் நீர் சேர



தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுவடைக்கும் கார் பருவ நீர் திறப்புக்கும் இடைப்பட்ட கோடையே கால்வாய்களைச் சீர்செய்ய ஏற்ற காலம். கோடகன் கால்வாயோ பாளையங்கால்வாயோ, அமலைச் செடி அடைத்தால் தலைமடைக்காரருக்குக் குறை தெரியாது. கடைமடைக்காரரின் நாற்றுதான் காயும்.

இப்பணிக்கு ரோட்டரி, அரிமா சங்கங்களின் உதவியை நாடலாம். 1985-இல் போலியோ ஒழிப்பில் இறங்கிய ரோட்டரிக்குப் பல்லாண்டுப் பணி புதிதன்று. இச்சங்கங்களின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. நன்கொடை திரட்டவும் தொண்டர்களைச் சேர்க்கவும் அவற்றுக்கு அவகாசம் வேண்டும். ஆகவே மே மாதம் போய்க் கேளாதீர்கள். ஜூலையிலேயே கால்வாயின் நீளம், மடைகள், ஆகும் செலவு ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். நீர்வளத்துறையின் அனுமதியும் பெறுங்கள்.

அமலையை வேரோடு அகற்றி, கரைக்கு அப்பால் மக்கச் செய்யுங்கள். நீரில் விட்டால் மீண்டும் தழைக்கும். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நின்றால், உதவ எவரும் தயங்கார்.