தோத்த பிறகும் கும்மாளம் போடுற தனுக்கிகள்

இன்னைக்கு ஒரு பழைய அனிமேஷன் படத்தைப் பத்திப் பேசப்போறேன். பேரு ‘பொம் போக்கோ’. 1994-ல வந்த ஸ்டுடியோ ஜிப்லி படம். ஜிப்லின்னதும் நமக்கு மியாசாகிதான் ஞாபகம் வருவார். ஆனா இதை இயக்கினது இசாவோ தகாஹாத்தா. கடைசி காட்சி வரைக்கும் சொல்லித்தான் பேசப்போறேன். படம் பாக்கணும்னு இருக்கிறவங்க இங்கயே நிறுத்திட்டு, பாத்துட்டு வாங்க.

முதல்ல இடத்தைச் சொல்லிடுறேன். டோக்கியோவுக்கு மேற்குல தாமா மலைப்பகுதி. 1960-கள்ல டோக்கியோவுல வீட்டுப் பஞ்சம். அதுக்காக அந்த மலைகளைச் சீவி, ‘தாமா நியூ டவுன்’னு ஒரு பெரிய குடியிருப்பு கட்டினாங்க. 1971-ல மக்கள் குடிவர ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் நிஜம். படமும் ஒரு ஆவணப்படம் மாதிரி, பின்னணிக் குரலோடதான் போகும்.

அந்த நிஜத்துக்குள்ள ஒரே ஒரு மாயம்: அங்க வாழ்ற தனுக்கிகளுக்கு உருவம் மாறத் தெரியும். தனுக்கி பாக்க ரக்கூன் மாதிரி இருக்கும், ஆனா நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. அதுங்க மனுஷனா மாறும், சிலையா மாறும், பேயா மாறும்னு ஜப்பான் நாட்டுப்புறக் கதைகள்ல காலங்காலமா சொல்றாங்க. படம் இதை விளக்கவே விளக்காது. புல்டோசர் எவ்வளவு நிஜமோ, இதுவும் அவ்வளவு நிஜம். மாய யதார்த்தம்னு சொல்றோமே, அது இதுதான்.

காடு போகுது, தனுக்கிகள் எதிர்த்துப் போராடுது. இதுதான் கதை. முதல் தடவை பாத்தப்போ எனக்குச் செம எரிச்சல். ஒரு சின்ன வெற்றி கிடைச்சா போதும், உடனே பார்ட்டி. குடி, ஆட்டம், பாட்டு. கோண்டான்னு ஒருத்தன் மட்டும்தான் சீரியஸா இருப்பான். ‘மனுஷங்களை மொத்தமா விரட்டணும்’னு அவன் கொதிச்சா, மத்ததுக்கெல்லாம் உடனே கவலை: மனுஷங்க போயிட்டா அவங்க சாப்பாடு எப்படிக் கிடைக்கும்? அப்போ டெம்புரா? சரி, கொஞ்சம் பேரை மட்டும் விட்டு வைக்கலாம்! ‘உங்க வீடே போகுது, உங்களுக்கு டெம்புராவா?’ன்னு நான் திரையைப் பாத்துத் திட்டினேன்.

இன்னொரு காட்சி இன்னும் சங்கடமானது. கோண்டா கூட்டத்தோட தாக்குதல்ல லாரி விபத்தாகி தொழிலாளிங்க செத்துடுறாங்க. செத்தவங்களுக்காகத் தனுக்கிகள் மௌன அஞ்சலி செலுத்துது. ஆனா சந்தோஷத்தை அடக்க முடியாம, அஞ்சலி அப்படியே கொண்டாட்டமா மாறிடும். ‘பாவம், வாயில்லா ஜீவன்’னு நினைச்சுட்டு இருந்த நம்ம நினைப்பு அங்க உடையும்.

மனுஷன் இல்லாத ஒரு பாத்திரத்தைப் புரிஞ்சுக்கும்போது நாம ரெண்டு தப்புல ஒண்ணைப் பண்ணுவோம். ஒண்ணு, ரோமம் போர்த்தின மனுஷன்னு நினைச்சு, நம்ம போராட்ட அளவுகோலை வெச்சு மார்க் போடுவோம். இல்லன்னா, ஒரு பாவமும் அறியாத குழந்தைன்னு நினைச்சு உருகுவோம். தகாஹாத்தா ரெண்டுக்கும் இடம் கொடுக்கல. படத்துல தனுக்கியை வரைஞ்சிருக்கிற விதத்தையே கவனிங்க. மனுஷங்க பாக்கும்போது அது நாலு கால்ல நடக்கிற சாதாரண காட்டு விலங்கு. தங்களுக்குள்ள இருக்கும்போது ரெண்டு கால்ல, துணியோட. சந்தோஷம் முத்திப்போனா, தொந்தி குலுங்குற சும்மா கிறுக்கின கார்ட்டூன். ‘யார் கண்ணு வழியா பாக்குற?’ன்னு ஒவ்வொரு ஃப்ரேமும் நம்மளைக் கேக்குது.

அப்போ அதுங்களுக்கு எது முக்கியம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் ஒரு வழி வெச்சிருக்கேன். ஜெயிக்க வாய்ப்பே இல்லன்னு தெரிஞ்ச பிறகு அவங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. கடைசியில தனுக்கிகள் மிச்சம் இருக்கிற சக்தி மொத்தத்தையும் சேர்த்து, ஒரே ஒரு மாயம் பண்ணுது. கட்டடங்கள் மறைஞ்சு, பழைய மலையும் வயலும் கொஞ்ச நேரத்துக்குத் திரும்ப வரும். அதனால ஒரு புல்டோசர்கூட நிக்காது. அதுங்களுக்கும் அது தெரியும். இன்னொரு தடவை பாக்கணும், அவ்வளவுதான்.

அந்தக் காட்சியிலதான் எனக்குப் புரிஞ்சுது. ஆட்டமும் பாட்டும் போராட்டத்துக்கு நடுவுல எடுத்த பிரேக் இல்ல. அதைக் காப்பாத்தத்தான் போராட்டமே.

இது எனக்கு ஏன் சுருக்குன்னு தைச்சுதுன்னு சொல்றேன். சில வருஷத்துக்கு முன்னாடி எங்க தெருவுல வரிசையா இருந்த தூங்குமூஞ்சி மரங்களை ரோடு அகலப்படுத்த வெட்டப் போறாங்கன்னு தெரிஞ்சுது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்துப் பேர் மரத்தடியில கூடுவோம். மனு, கையெழுத்துன்னு வேலை ஓடும். என் ஃப்ரெண்டு ஒருத்தி மட்டும் வரும்போதெல்லாம் வீட்டுல பஜ்ஜி போட்டு எடுத்துட்டு வருவா. பசங்களைக் கூட்டி வெச்சுப் பாடுவா. ஒருநாள் எல்லார் முன்னாடியும், ‘இது பிக்னிக் இல்லடி’ன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் அவ வரல. பசங்களும் வரல.

மரங்களை வெட்டிட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க ஒரு தடவைகூடக் கூடல. எங்ககிட்ட இருந்தது கோபம் மட்டும்தான். மரம் போனதும் அதுக்கும் வேலை இல்லாம போச்சு.

இப்போ படத்தோட முடிவுக்கு வாங்க. ஷோகிச்சின்னு ஒரு தனுக்கி, வேற வழியில்லாம மனுஷனா மாறி, ஆபீஸ் போய் வாழ்றான். ஒரு ராத்திரி வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு தனுக்கி ஓடுறதைப் பாக்குறான். பின்னாடியே ஒரு பொந்துக்குள்ள நுழைஞ்சு போனா, பழைய நண்பர்கள் எல்லாம் ஆடிட்டு இருக்காங்க. கோட்டு சூட்டைக் கழட்டி வீசிட்டு ஓடுறான். கேமரா மேல போகும்போதுதான் தெரியும், அது ஒரு கோல்ஃப் மைதானம். சுத்தியும் டோக்கியோவோட விளக்குகள். தோத்துட்டாங்க. ஆனா இன்னும் கூடுறாங்க.

கடைசி வார்த்தை உருவம் மாறத் தெரியாத பொன்கிச்சிக்குத்தான். நம்மளை நேராப் பாத்து அவன் கேப்பான்: தனுக்கியும் நரியும் மறைஞ்சு போச்சுன்னு சொல்றீங்களே, எங்கள்ல சிலரால உருவம் மாறி மறைஞ்சுக்க முடியும், ஆனா முயலும் மரநாயும் என்ன பண்ணும்?

அடுத்த வருஷமே, 1995-ல, ஜிப்லி ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’னு ஒரு அழகான காதல் கதை எடுத்தாங்க. அதுவும் தாமா பகுதியிலதான் நடக்குது. ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்க. அந்தப் பொண்ணு நடக்கிற மேட்டுத் தெரு ஒவ்வொண்ணுக்கும் அடியில யார் இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

இதை ரெக்கார்ட் பண்றதுக்கு முந்தின நாள் அவளுக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், ‘அன்னைக்கு நீ மட்டும்தான்டி பஜ்ஜி சாப்பிடல’ன்னா.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவ வீட்டுக்குப் போறேன். அடுத்த எபிசோடுல பாப்போம்.