மாத்திரையும் டீயும்

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். தப்பா பேசினா பொறுத்துக்கோங்க.

என் ரெண்டாவது பிள்ளை வயித்துல இருந்தப்போ ரத்தம் 8 தான் இருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாதுன்னு நர்சம்மா சத்து மாத்திரை குடுத்தாங்க. தினமும் காலை டீயோட முழுங்கினேன். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா 8.2. "மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டியா?"ன்னு வீட்டுல கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு.

நர்சம்மாதான் விளக்கினாங்க. நாம முழுங்குற இரும்பு எல்லாம் ரத்தத்துக்குப் போறதில்லை. சிறுகுடலோட ஆரம்பத்துலதான் அது உடம்புல ஏறணும். அந்தக் குடல் சுவரில் ஒரு புரதம் முன்வாசல் மாதிரி இரும்பை உள்ளே வாங்குது. ஃபெரோபோர்ட்டின் என்ற இன்னொரு புரதம் பின்வாசல். அதுதான் ரத்தத்துக்கு அனுப்புது. பின்வாசலுக்குப் பூட்டும் இருக்கு. கல்லீரல்ல சுரக்குற ஹெப்சிடின்தான் அது. உடம்புல இரும்பு நிறைஞ்சிருந்தாலும், தொற்று, காய்ச்சல் இருந்தாலும் பூட்டிடும். அப்போ இரும்பு குடல் செல்லுக்குள்ளேயே தங்கி, சில நாள்ல அந்த செல் உதிரும்போது மலத்தோட போயிடும். ரத்தம் குறைஞ்சவங்களுக்கு அந்தப் பூட்டு தானா தளருமாம்.

"அப்புறம் எனக்கு ஏன் ஏறல?"ன்னு கேட்டேன். "டீயோட துவர்ப்பு இரும்பைப் பிடிச்சுக்கிட்டு, முன்வாசல்லயே நுழைய விடாதும்மா"ன்னாங்க.

அன்னையிலிருந்து மாத்திரையை எலுமிச்சம்பழச் சாறோட போட்டேன். புளிப்புல இருக்குற வைட்டமின் சி இரும்பை உள்ளே நுழையத் தோதா மாத்திக் குடுக்கும். டீயையும் கால்சியம் மாத்திரையையும் ரெண்டு மணி நேரம் தள்ளி வச்சேன். மலம் கறுப்பா போனப்போ பயந்தேன். அது மாத்திரையால வர்றது, பயப்பட வேண்டாம்னு சொன்னாங்க. பிரசவத்துக்குப் போகும்போது 10.4 இருந்தது. பிள்ளையும் நானும் நல்லபடியா வீடு வந்தோம்.

இப்ப என் மகள் பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு மாத்திரை வாங்குறா. அவளுக்கும் இதைத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்.

அக்காமார்களே, முருங்கைக் கீரை சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க. கீரையில ஒரு எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க. சேமிப்புக் கணக்கை எழுதுற மாதிரி, ஒவ்வொருத்தர் ரத்த அளவையும் குழு நோட்டில் எழுதுவோம். குறைஞ்சவங்களை கைபிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்.