விபத்து நேர்ந்த ஆண்டின் வரிக்கணக்கு



வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். சொக்சோ பாரங்களை நிரப்புகிறோம். ஆனால், மறு ஆண்டு வருமானவரிப் பாரம் வரும்பொழுது, "வேலையே செய்யவில்லை, நமக்கு என்ன வரி?" என்று அதனை அலமாரியில் வைத்துவிடுகிறோம். அவ்வாறு வைத்துவிடுவதால் நமக்கு உரிய பணத்தை நாமே இழக்க நேரிடும். அதைப்பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் ரப்பர் ஆலையில் மேற்பார்வையாளர். மாதச் சம்பளம் 4,500 ரிங்கிட். மனைவி பால்மரம் வெட்டுபவர். 2025ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் கணவரின் கை உருளை இயந்திரத்தில் சிக்கியது. அதன்பின் ஆண்டு முடியும்வரை அவர் வேலைக்குச் செல்லவில்லை. இனி, இவர்களின் கணக்கைப் பார்ப்போம்.

முதலாவதாக, சம்பளத்தையும் இழப்பீட்டையும் ஒன்றாகக் கலக்கலாகாது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலை விபத்தினால் குறைந்தது நான்கு நாள்கள் மருத்துவ விடுப்புப் பெற்றவருக்குச் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனப்படியாகக் கிடைக்கிறது. அது சொக்சோ நிதியிலிருந்து வருவது; முதலாளி தரும் ஊதியமன்று. காயத்திற்கு ஒரே தொகையாக வழங்கப்படும் இழப்பீட்டிற்கும், உடல்நலக் குறைவால் வேலை இழந்தவருக்கு அதற்காக முதலாளி தரும் இழப்பீட்டிற்கும் வருமானவரிச் சட்டம் விலக்களித்திருக்கிறது. ஆனால் விடுப்பு நாள்களுக்கு முதலாளி சம்பளம் கொடுத்திருந்தால் அது சம்பளமே. அதனைக் கணக்கில் காட்ட வேண்டும்.

ஆகவே, பிப்ரவரி மாத முடிவுக்குள் தோட்ட அலுவலகம் தரவேண்டிய இ.ஏ. பாரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள தொகை உங்கள் சம்பளச் சீட்டுகளோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வேறுபாடு இருப்பின், கிராணியாரிடம் சொக்சோ கடிதத்தைக் காட்டித் திருத்தித் தருமாறு கேளுங்கள்.

இரண்டாவதாக, பிடித்த வரியைத் திரும்பப் பெறுதல். நாம் எடுத்துக்கொண்ட கணவருக்கு ஆறு மாதச் சம்பளம் 27,000 ரிங்கிட். சேமநிதிக்குச் சென்றது 2,970 ரிங்கிட். தனிநபர் கழிவு 9,000 ரிங்கிட். இவை நீங்கினால் எஞ்சுவது 15,030 ரிங்கிட். அதற்குரிய வரி ஏறத்தாழ 100 ரிங்கிட். வரிக்குட்பட்ட வருமானம் 35,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. ஆகவே அவர் செலுத்தவேண்டிய வரி ஒன்றுமில்லை. ஆனால், ஆண்டு முழுவதும் 4,500 ரிங்கிட் வரும் என்று எண்ணி, முதல் ஆறு மாதங்களில் அவர் சம்பளத்திலிருந்து மாதாந்திர வரி பிடிக்கப்பட்டிருக்கும். அது முழுவதும் அவருக்கே உரியது. பாரம் அனுப்பினால்தான் அது திரும்பி வரும்.

மூன்றாவதாக, ஊனமுற்றோர் கழிவு. சொக்சோ மருத்துவக் குழு ஊனத்தை மதிப்பிட்டுவிட்டால் போதும் என்று நம்மிற் பலர் நினைக்கிறோம். அது தவறு. வரிக்கழிவுக்குச் சமூகநல இலாகாவில் தனியே பதிந்து, அதற்குரிய அட்டையைப் பெற வேண்டும். அவ்வாறு பதிந்தவருக்கு 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் 7,000 ரிங்கிட் கூடுதல் கழிவு உண்டு. அதற்கு முன் அது 6,000 ரிங்கிட்டாக இருந்தது. செயற்கைக் கை, சக்கர நாற்காலி போன்ற அடிப்படைத் துணைக்கருவிகள் வாங்கிய செலவுக்கு 6,000 ரிங்கிட் வரை கழிவு பெறலாம், ரசீது வேண்டும்.

இனி, மனைவியைப்பற்றியும் ஒரு சொல். கணவரும் மனைவியும் தனித்தனியாகவோ சேர்ந்தோ கணக்குக் காட்டலாம். அடுத்த ஆண்டுகளில் கணவருக்கு வருமானமே இல்லையெனில், மனைவி தம் கணக்கில் துணைவருக்கான 4,000 ரிங்கிட் கழிவைக் கேட்கலாம். கணவர் ஊனமுற்றோராகப் பதிந்திருப்பின் மேலும் 6,000 ரிங்கிட் கழிவு உண்டு. குடும்பத்தின் சுமை மனைவியின் தோள்மேல் ஏறிய காலத்தில் இது சிறு உதவியன்று.

வியாபார வருமானம் இல்லாதவர்க்கு உரியது பி.இ. பாரம். 2025ஆம் ஆண்டு வருமானத்திற்கு அதனை அனுப்பச் சட்டம் குறித்த நாள் 2026 ஏப்ரல் 30. வரிக்கோப்பு உள்ளவர், வரி இல்லை என்பதால் பாரம் அனுப்பாமல் இருத்தல் கூடாது; 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. எழுதத் தயங்குவோர், படித்த பிள்ளைகளையோ தொழிற்சங்கத் தோழரையோ துணைக்கு அழைத்துக்கொண்டு வருமானவரி அலுவலகத்திற்குச் செல்லுங்கள். இ.ஏ. பாரம், சொக்சோ கடிதங்கள், மருத்துவ விடுப்புச் சீட்டுகள், ரசீதுகள் யாவற்றையும் ஒரே உறையிலிட்டு ஏழாண்டு காத்து வையுங்கள்.

விடியுமுன் எழுந்து வெட்டிய பாலை ஒரு துளியும் சிந்தாமல் மங்கிலிருந்து வாளிக்குச் சேர்ப்பவர்கள் நாம். உழைத்து ஈட்டிய பணத்தையும் அவ்வாறே சிந்தாமல் சேர்ப்போமாக.